விரிப்பின் மறுமுனை

ஒரு கட்டிலை விரிக்க செண்பகத்துக்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் எதிரே ஆள் இருக்க வேண்டும். மயிலாப்பூர் லஸ் முனைக்குச் சற்றுத் தள்ளி 'ஓட்டல் மகரந்தம்' அறுபத்திரண்டு அறைகளோடு நடந்த காலத்தில், அறை சுத்தம் செய்கிற பெண்களை எப்போதும் ஜோடியாகத்தான் அனுப்புவார்கள். ஒருத்தி விரிப்பை உதறி வீசுவாள், எதிரே நிற்பவள் மறுமுனையைக் காற்றிலேயே பிடிப்பாள். இருவரும் ஒன்றாகக் குனிந்து மெத்தைக்கு அடியில் செருகுவார்கள். கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும். பத்தொன்பது வருடம் செண்பகத்துக்கு எதிரே நின்று மறுமுனையைப் பிடித்தவள் ஜமீலுன்னிசா, எல்லோருக்கும் ஜமீலா.

இரண்டாயிரத்தொன்றில், ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவர்கள். ஜமீலா திங்கட்கிழமை, செண்பகம் புதன்கிழமை. இந்த இரண்டு நாளைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இருவருக்கும் அது வெறும் கேலிப் பேச்சாகத்தான் இருந்தது. "சீனியர் சொல்றேன், கேளுடி" என்று ஜமீலா அதட்டுவாள். "ஆமாங்க மேடம்" என்று செண்பகம் சலாம் போடுவாள்.

செண்பகத்துக்கு வேறு யார் இருந்தார்கள்? கட்டியவன் ஒருநாள் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். அந்த முடி வளர்ந்து நரைத்தும் போயிருக்கும், ஆள் இன்னும் திரும்பவில்லை. பிள்ளை குட்டி இல்லை. காய்ச்சல் வந்தால் ஜமீலாதான் கஞ்சி கொண்டுவருவாள். ரம்ஜான் மாதத்தில் ஜமீலாவின் பங்கு மாடிப்படிகளையும் செண்பகமே துடைத்துவிடுவாள். ஒவ்வொரு அறைக் கதவையும் மூன்று தரம் தட்டி, "ஹவுஸ்கீப்பிங்" என்று குரல் கொடுத்துவிட்டு, சாவியைத் திருப்பும்போது ஜமீலா மெல்ல "பிஸ்மில்லா" என்பாள். கேட்டுக் கேட்டு, தனியாகக் கதவு திறக்கும்போது செண்பகத்தின் வாயிலும் அது வந்துவிடும்.

அந்த ஓட்டலில் ஒரு வழக்கம் உண்டு. வேலை செய்கிறவர்கள் எல்லாம் பதினோரு மாதத்துக்கு ஒருதரம் மூட்டை கட்டி வீடு மாறுகிற ஜாதி. ஆகவே பேங்குக் கடிதம், எல்.ஐ.சி. நோட்டீஸ், ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகை எதற்கும் ஒரே விலாசம்தான் கொடுப்பார்கள்: 'கேர் ஆஃப் டைம் ஆபீஸ், ஓட்டல் மகரந்தம்.' பின்வாசலை ஒட்டி, வருகைப் பதிவு செய்கிற சின்ன அறை அது. சுவரில் பொந்து பொந்தாக ஒரு மர அலமாரி, அதில் அவரவர் கடிதம் காத்திருக்கும். "வீடு மாறும், ஓட்டலா மாறப் போவுது?" என்பார்கள். அப்படி ஒரு நம்பிக்கை.

நோய்க்காலம் வந்தது. மார்ச்சில் மூடிய ஓட்டல் செப்டம்பரில் ஒரேயடியாக ஆட்களை நீக்கியது. சட்டப்படி முறையாகத்தான் செய்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். யார் முதலில் சேர்ந்தார், யார் பிறகு சேர்ந்தார் என்று பணிமூப்புப் பட்டியல் ஒட்டினார்கள். ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். மறுபடி ஆள் எடுக்கும்போது நீக்கப்பட்ட பழைய ஆட்களையே முதலில் கூப்பிட வேண்டும் என்பது சட்டம், கூப்பிடுவதற்கு விலாசம் வேண்டும். அந்த வாரம் பார்த்து ஜமீலாவை ராயப்பேட்டை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லியிருந்தார். புதுவீடு இன்னும் கிடைத்தபாடில்லை.

"நீயே எழுதுடி. என் கண்ணாடி மூட்டைக்குள்ள எங்கியோ மாட்டிக்கினு கீது" என்று படிவத்தை நீட்டினாள்.

செண்பகம் எழுதினாள். தனக்கு, நங்கநல்லூரில் இருக்கிற தங்கை சந்திரிகாவின் வீட்டு விலாசம். ஜமீலாவுக்கு, கை பழக்கத்தில், டைம் ஆபீஸ். பூட்டப் போகிற கட்டடத்தின் விலாசத்தை எழுதுகிறோமே என்று அவளுக்கும் உறைக்கவில்லை, கையெழுத்துப் போட்ட ஜமீலாவுக்கும் உறைக்கவில்லை, வாங்கி வைத்த குமாஸ்தாவுக்கும் உறைக்கவில்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். செண்பகம் தங்கை வீட்டில் மூன்று வருடம் இருந்தாள். சந்திரிகா கெட்டவள் இல்லை. அவள் புருஷன் சிதம்பரநாதனும் வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் ராத்திரி தண்ணீர் குடிக்க வருகிறவர், கூடத்தில் படுத்திருப்பவளைத் தாண்டிப் போகும்போது ஒரு பெருமூச்சு விடுவாரே, அது போதாதா? மாமியார் வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குப் போக வேண்டும். வேலை தேடிப் போன இடங்களில் எல்லாம் வயதைக் கேட்டார்கள். ஐம்பத்திரண்டு என்றதும் சிரித்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். ஜமீலாவின் போன் எண் எப்போதோ செத்துப் போயிருந்தது.

இதற்கிடையில் ஓட்டல் கைமாறியது. புது முதலாளி கட்டடத்துக்குச் சாம்பல் வர்ணம் அடித்து, 'வெர்மோனா' என்று பெயர் வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை மயிலாப்பூரில் ஒருவருக்கும் தெரியாது. பழைய ஆட்களுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை, வாங்கியது கட்டடத்தை மட்டும்தான் என்றார்கள். வரவேற்பில் வேலை பார்த்த முத்துகிருஷ்ணன் சங்கத்துச் செயலாளர். மனுஷன் விடவில்லை. தேனாம்பேட்டை தொழிலாளர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் இல்லையா, ஒருநாள் நகர்ந்தது. அதிகாரி முன்னிலையில் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். ஹவுஸ்கீப்பிங்கில் பதினோரு இடம். பழைய பட்டியல் வரிசைப்படி பதிவுத் தபால் போகும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த பெயர். சேர்ந்தவர்கள் பட்டியலை ஒட்டி, முப்பது நாள் ஆட்சேபத்துக்குக் காத்திருந்து, பிறகு நிரந்தரம்.

பட்டியலில் பதினோராவது பெயர் ஜமீலுன்னிசா, பன்னிரண்டாவது செண்பகம். அந்த இரண்டு நாள்!

"அடுத்த வேகன்சி வந்தா நீதாம்மா" என்று முத்துகிருஷ்ணன் போனில் சொன்னார். செண்பகம் அன்று சாப்பிடவில்லை. மூன்றாவது வாரம் நங்கநல்லூர் வீட்டு வாசலில் தபால்காரர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துவதாக வேண்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். இது எப்படித் தனக்கு வந்தது என்று அந்த நிமிடம் யோசிக்கவில்லை. யோசித்தால் வந்தது போய்விடுமோ என்று பயம்.

ஆடி மாதம் முதல் வாரம், புதன்கிழமை சேர்ந்தாள். சேர்ந்தவர்கள் பட்டியலையும் அன்றே ஒட்டினார்கள். டைம் ஆபீசில் இப்போது தாரணி என்ற இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களுக்குப் போட்ட லெட்டர் திரும்பி வந்துடுச்சும்மா. காமெடி என்ன தெரியுமா? அவங்க குடுத்த அட்ரஸே இந்த ஓட்டல்தான். நாங்க போட்டது எங்க கேட்டுக்கே வந்திருக்கு. அப்படி யாரும் இங்க இல்லைன்னு செக்யூரிட்டி திருப்பி அனுப்பிட்டாரு" என்று சிரித்தாள்.

செண்பகம் அந்த உறையைப் பார்த்தாள். விலாசம், ஜமீலாவுக்காக அன்று படிவத்தில் போட்ட அதே வார்த்தைகள். அவள் கை எழுதிய வார்த்தைகள்.

"எனக்கு அவங்களைத் தெரியும் மேடம். ஒரு காப்பி குடுங்க, நான் சேத்துடறேன்" என்றாள்.

"தாராளமா. முப்பது நாளுக்குள்ள அவங்களோ, அவங்களுக்காக யாராவதோ தேனாம்பேட்டை லேபர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா அவங்களுக்குத்தான் சீட். ஆனா உங்க சீட் போயிடுமே, பரவால்லயா?"

"அதுக்கென்ன மேடம்" என்று செண்பகம் நகலை வாங்கிப் பைக்குள் வைத்தாள். வாங்கும்போது உண்மையாகத்தான் சொன்னாள், அதில் சந்தேகமே வேண்டாம்.

அந்த வெள்ளிக்கிழமைதான் ஆரம்பித்தது. ஆடி முதல் வெள்ளி, முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. சீருடையோடு பின்வாசலைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "செண்பகம்!" ஜமீலாவின் குரலேதான். செண்பகத்துக்கு மயிர்க்கால் குத்திட்டு நின்றது. பெயர் சொல்லி ஒரே ஒரு தரம் கூப்பிட்டால் திரும்பக்கூடாது, மூன்று தரம் கூப்பிட்டால்தான் மனுஷக் குரல் என்று அவள் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். இரண்டாம் முறைக்குக் காத்திருந்தாள். வரவில்லை. திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டாள்.

புது முதலாளி ஜோடி முறையை ஒழித்துவிட்டார். ஆளுக்குப் பதினான்கு அறை, தனியாக. அன்று 207-ஆம் அறையில் விரிப்பை உதறி வீசினாள். மறுமுனை கீழே விழவேயில்லை. எதிர்ப்பக்கம் யாரோ பிடித்து இழுத்தது போல விறைப்பாக நின்று, பிறகு மெத்தைமேல் ஒரு சுருக்கம் இல்லாமல் படிந்தது. ஏசி காற்று என்று சொல்லிக்கொண்டாள். ஏசி அணைந்திருந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். சாவியைத் திருப்பும்போது அவள் வாய் மூடித்தான் இருக்கும், காதில் "பிஸ்மில்லா" கேட்கும். அவள் இந்தப் பக்கம் செருகிவிட்டு எழுந்தால், அந்தப் பக்கம் மூலை மடிப்பு ஏற்கெனவே போட்டிருக்கும், ஜமீலா போடுகிற மாதிரியே, கடித உறை ஒட்டியது போல. தானே சுற்றிப் போய்ச் செருகிவிட்டு மறந்தோமா என்று நின்று யோசிப்பாள். கால் வலிக்கவில்லை. சுற்றிப் போயிருந்தால் வலித்திருக்கும்.

தேடவே இல்லை என்று சொன்னால் பாவம். தேடினாள். வார லீவு நாள் ஒன்றில் கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டுக்குப் போனாள். ஜமீலாவின் நாத்தனார் அங்கே ஒருகாலத்தில் குடியிருந்தாள். பத்து வருடத்துக்கு முன்பே காலி செய்துவிட்டாள் என்பது செண்பகத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே போய், இரண்டு வீட்டில் விசாரித்து, "தேடியாச்சு, கிடைக்கல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள். ஜமீலாவின் கொழுந்தன் இனாயத் மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டை ஒட்டிப் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருப்பதும் அவளுக்குத் தெரியும். ஓட்டலிலிருந்து நடந்தே போகிற தூரம். அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை. என்ன மனசு பாருங்கள்!

இன்னொன்றும் நடந்தது. முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் பின்தெருவில் மாடியில் ஓர் ஒற்றை அறை கிடைத்தது. ஓட்டலில் வேலை என்று காகிதம் காட்டியதால்தான் வீட்டுக்காரர் சம்மதித்தார். சாவியைக் கையில் வைத்துப் பார்த்தாள். பத்தொன்பது வருடம் அறுபத்திரண்டு சாவிகளைத் திருப்பியவள். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டாத சாவி இதுதான் முதல். கூடத்தில் யாரும் அவளைத் தாண்டிப் போக மாட்டார்கள். யார் வந்தாலும் பாயைச் சுருட்ட வேண்டாம். முதல் நாள் காலையில் அவள் வெறுமனே கதவைப் பூட்டிப் பூட்டித் திறந்தாள்.

அன்று காலைதான் அந்த நினைப்பும் வந்தது. ஜமீலாக்கா செத்துப் போயிருக்க வேண்டும். உயிரோடு இருப்பவள் எப்படிக் கட்டிலுக்கு எதிரே வந்து நிற்பாள்? நோய்க்காலத்தில் எத்தனையோ பேர் போனார்கள், அவளும் போயிருப்பாள். போயிருந்தால் பதினோராவது இடம் யாருடையதும் இல்லை, செண்பகத்துடையதுதான். இதை நினைத்ததும் நெஞ்சில் ஒரு நிம்மதி பரவியது. அடுத்த நொடி, கஞ்சி கொண்டுவந்த கையைச் செத்துப் போகச் சொல்கிறோமே என்று உறைத்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். போட்ட சோற்றை மூடி வைத்தாள்.

இருபத்தொன்பதாம் நாள், 304-ஆம் அறை. விரிப்பை வீசினாள். மறுமுனை நின்றது. எதிர்ப்பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூலை சரியா இல்ல பாரு செண்பகம்."

துணி வண்டியை அப்படியே விட்டுவிட்டுத் தாழ்வாரத்துக்கு ஓடி வந்தாள். நாளையோடு கெடு முடிகிறது. நாளை வியாழன், அவளுக்கு லீவு. செத்துவிட்டாள் என்று ஒரு வாய் சொல்லக் கேட்டுவிட்டால் போதும், அவள் ஆத்மாவுக்கு ஒரு பாத்தியா ஓதச் சொல்லிவிட்டு நிம்மதியாக வேலை பார்க்கலாம்.

வியாழன் மதியம் இனாயத்தின் கடை வாசலில் போய் நின்றாள். துக்கம் கேட்கிற முகத்தை வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். அவர் பஞ்சை அடித்துக்கொண்டே, "அண்ணியா? பின்னால மாடிதான். இப்பதான் வந்தாங்க, போங்க" என்றார்.

படி ஏற அவளுக்கு நேரம் பிடித்தது.

"யா அல்லா! செண்பகமா?" ஜமீலா ஈரக்கையோடு வந்து கட்டிக்கொண்டாள். இளைத்திருந்தாள், முன்பல் ஒன்று இல்லை. மற்றபடி அதே ஜமீலா, சூடான உடம்பு, சோப்பு வாசனை. "புஷ்ரா, யார் வந்துக்கீறாங்க பாரு!" என்று உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டாள். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவதாகவும், முகூர்த்தம் இருந்தால் வேலை, ஆடி மாதம் முழுக்கச் சும்மா என்றும் சொன்னாள். புஷ்ரா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"எனக்குத் தெரியும்டி, நீ உள்ள சேந்துட்டேன்னு."

"எப்படிக்கா?"

"வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம கேட்டாண்ட வந்துக்கினு இருந்தேன்ல. எனக்குக் கடுதாசி எதனா வந்துச்சான்னு செக்யூரிட்டி சின்னப்பையனைக் கேப்பேன்." பெயர்தான் சின்னப்பையன், அறுபதைத் தொட்ட ஆள். "பழைய ஆளுங்க யாரும் இங்க இல்ல, போம்மான்னு தொரத்துவாரு. மூணு வெள்ளிக்கு முன்னாடியோ நாலோ, நீ யூனிஃபாரம் போட்டுக்கினு உள்ள போனே. செண்பகம்னு கூப்ட்டேன். உனக்குக் காதுல விழல, ஓடிட்டே."

செண்பகம் டீயைக் கீழே வைத்தாள். "இன்னொரு தரம் கூப்பிடக் கூடாதாக்கா?"

"எதுக்கு? உன் முதுகைப் பாத்ததும் எனக்கு நிம்மதி ஆயிடுச்சு. அன்னையோட கேட்டுக்குப் போறதையே வுட்டுட்டேன். நீதான் உள்ள கீறியே, கடுதாசி வந்தா எட்த்தாற மாட்டியா? அப்புறம் நான் இன்னாத்துக்கு வெயில்ல அலையணும்?" ஜமீலா சிரித்தாள். "உனக்கே வந்துடுச்சின்னா எனக்கும் வராம எங்க போவும்? ரெண்டு நாள் சீனியராச்சே நான். கிளார்க்கு எவனோ வரிசைய மாத்திட்டான்." பிறகு சிரிப்பை நிறுத்தி, முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "அதுக்குத்தானே வந்தே? வந்துச்சாடி?"

நகல் மடியில் இருந்த பைக்குள்தான் இருந்தது. ஜிப்பைத் திறந்தால் போதும். செண்பகம் பைமேல் கையை வைத்தாள். விரலுக்கு அடியில், துணிக்கு உள்ளே, காகிதமும் தெரிந்தது, சாவியும் தெரிந்தது.

"இன்னும் வரலக்கா" என்றாள்.

"வரும், வரும்." ஜமீலா எழுந்து போய், காலண்டர் தாளைக் கிழித்து, மகளிடம் கொடுத்து இந்த வீட்டு விலாசத்தை எழுதச் சொன்னாள். "இந்தா. டைம் ஆபீஸ் பொண்ணுகிட்ட குட்த்துடு. இனிமே இதுக்கே அனுப்பச் சொல்லு. உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

செண்பகம் அதை வாங்கி, அதே பைக்குள் வைத்தாள். கீழே இறங்கியபோது மணி மூன்று. தேனாம்பேட்டைப் பக்கம் போகிற பஸ் ஒன்று வந்து நின்றது. தொழிலாளர் அலுவலகம் ஐந்தே முக்கால்வரை திறந்திருக்கும். கண்டக்டர் அவளைப் பார்த்து, "ஏறும்மா, ஏறலையா?" என்று கேட்டார். இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். அறைக்கு வந்து, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, ஆறு மணிவரை கட்டாந்தரையில் உட்கார்ந்திருந்தாள். மகாபாவி, மகாபாவி என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் வெள்ளி. பின்வாசலில் தாரணி பட்டியலைக் கழற்றி ஃபைலில் வைத்துக்கொண்டிருந்தாள். "கன்கிராட்ஸ்மா, பெர்மனன்ட்" என்றாள். செண்பகம் வாசலைத் தாண்டும்போது நின்று திரும்பிப் பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை. வெயிலில் தெரு வெறுமனே கிடந்தது.

"யாரைத் தேடறே?" என்றார் சின்னப்பையன்.

"யாருமில்லண்ணே."

304-ஆம் அறைக் கதவை மூன்று தரம் தட்டினாள். சாவியைத் திருப்பினாள். காதில் எதுவும் கேட்கவில்லை. விரிப்பை உதறி வீசினாள். மறுமுனை அந்தப் பக்கம் தரையில் விழுந்து சுருண்டது. மறுபடி வீசினாள். மறுபடி விழுந்தது.

"பிடியேன்க்கா" என்றாள்.

பிறகு கட்டிலைச் சுற்றிப் போய், குனிந்து, மறுமுனையைத் தானே எடுத்துச் செருகினாள். இன்னும் பதின்மூன்று அறை இருந்தது.